அக்னி நட்சத்திரத்தில் வந்த காய்ச்சல்: பருவகால ஃப்ளூவும் பெருந்தொற்று ஃப்ளூவும்

 

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் முகப்பேர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என நம் மேற்குச் சென்னைப் பகுதிகளில் காய்ச்சல் நுழையாத வீடு அரிதாகிவிடுகிறது. மாலை நேர மக்தபில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது. வருகிறவர்களிலும் சிலர் இருமிக்கொண்டே ஓதுகின்றனர். ஃபஜ்ர் தொழுகையில் முதியவர்களின் வரிசை மெலிகிறது.

அந்நாள்களில் நம் மக்களிடையே இருவகைப் பேச்சு எழுவதைக் கேட்கிறோம். ஒரு சாரார், 2020ஆம் ஆண்டைப் போலவே எல்லாம் மூடப்படப் போகிறது என்று அஞ்சி, வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் பிறருக்கு அனுப்புகின்றனர். மற்றொரு சாரார், "ஃப்ளூதானே, இரண்டு நாளில் போய்விடும்" என்று கூறி, காய்ச்சலோடு ஜுமுஆவுக்கும் கல்யாண விருந்துக்கும் செல்கின்றனர். அச்சமும் அலட்சியமும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆண்டுதோறும் வருகிற ஃப்ளூவுக்கும், ஒரு தலைமுறைக்கு ஓரிரு முறை வருகிற பெருந்தொற்று ஃப்ளூவுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறியாததே அந்த வேர். அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, நம் சென்னைத் துறைமுகத்தில் நிகழ்ந்த ஒரு வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

ராஜுலா கப்பல்

தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பழைய நினைவுகளில் ராஜுலா என்னும் பெயருக்குத் தனியிடம் உண்டு. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட இந்த நீராவிக் கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களை இணைத்து அது பல்லாண்டுகள் ஓடியது. நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களின் ஊர்களிலிருந்தும் சபர் சென்ற நம் பாட்டன்மார் பலர், தகரப்பெட்டியும் பாயும் தலையணையுமாக அதன் தளத்தில் படுத்துறங்கியே மலாயாவுக்குச் சென்று திரும்பினர்.

1957 பிப்ரவரியில் தென்மேற்குச் சீனாவில் ஒரு புதிய காய்ச்சல் தலைகாட்டியது. ஏப்ரலில் அது ஹாங்காங்கை அடைந்து, இலட்சக்கணக்கானோரைப் படுக்கையில் வீழ்த்தியது. அடுத்துச் சிங்கப்பூருக்குப் பரவியது. அங்கிருந்து புறப்பட்ட ராஜுலா, மே மாத நடுவில் சென்னைத் துறைமுகத்தை வந்தடைந்தபோது, பயணத்தின் இடையிலேயே இருநூறுக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்திருந்தனர். கரையிறங்கும் நேரத்திலும் பலர் நோயுற்றிருந்தனர். நெருக்கமாகப் படுத்து, ஒன்றாக உண்டு, ஒரே காற்றைச் சுவாசித்து வந்த கூட்டத்தில் அக்காய்ச்சல் தீப்போல் பரவியிருந்தது.

அக்காலப் பன்னாட்டுச் சுகாதார விதிகளில் பிளேக், காலரா, பெரியம்மை, மஞ்சள் காய்ச்சல் முதலிய ஆறு நோய்களே தடைக்காப்புக்கு உரியனவாக இருந்தன. ஃப்ளூ அப்பட்டியலில் இல்லை. கப்பலிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து ஊருக்கும் ஊரிலிருந்து நாட்டுக்கும் நோய் நடந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா ஆய்வு மையம் நோயாளிகளிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து, இது முன்பு மனிதரிடையே காணாத புதிய வகை என்பதை உறுதி செய்தது. 1957 மே முதல் 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 இலட்சத்துக்கும் அதிகம். பதிவான மரணங்கள் ஆயிரத்தைச் சற்றே தாண்டின. பதிவாகாதவை எவ்வளவு என்பதை அல்லாஹ்வே அறிவான். உலகெங்கும் சுமார் 11 இலட்சம் பேர் இறந்ததாகப் பின்னாளில் மதிப்பிடப்பட்டது.

இந்நிகழ்வில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சென்னையில் ஃப்ளூ பெருகும் காலம் பொதுவாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலம். ராஜுலா கொண்டுவந்த காய்ச்சலோ மே மாதத்தில், அக்னி நட்சத்திர வெயிலில் நகருக்குள் நுழைந்து பரவியது. பழைய ஃப்ளூ தனக்குரிய பருவத்துக்காகக் காத்திருக்கிறது. புதிய ஃப்ளூ பருவத்தைக் கேட்டு வருவதில்லை. ஏன் இவ்வாறு?

கிதாபின் நகலும் கலந்து தைத்த கட்டும்

மத்ரஸாவில் பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கண்டோருக்கு இதை விளக்குவது எளிது. ஒரு கிதாபை ஒருவர் பார்த்து எழுதுகிறார். அவருடைய பிரதியைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார். ஒவ்வொரு நகலிலும் ஓரிரு எழுத்துப் பிழைகள் புகுகின்றன. பத்துப் பிரதிகள் கடந்தபின் சில சொற்கள் மாறியிருக்கும். ஆயினும் அது இன்ன கிதாபு என்பதைப் படித்தவர் அடையாளம் காண்பார்.

இன்ஃப்ளூயன்சா வைரஸ் நம் தொண்டையிலும் நுரையீரலிலும் தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகுகிறது. அந்த நகல்களில் பிழைகள் மிகுதி. அதன் மேற்பரப்பில் இருவகைப் புரதங்கள் உள்ளன. ஒன்று ஹீமகுளூட்டினின், மற்றொன்று நியூராமினிடேஸ். எச்1என்1, எச்3என்2 என்னும் பெயர்கள் இவ்விரண்டின் வகை எண்களே. நம் உடலின் எதிர்ப்பாற்றல் இப்புரதங்களைக் கொண்டே வைரஸை அடையாளம் காண்கிறது. ஆண்டுதோறும் இவை சிறுகச் சிறுக மாறுவதால், சென்ற ஆண்டு நோயுற்றவரையும் இவ்வாண்டு அது தொட முடிகிறது. எனினும் உடல் அதை முற்றிலும் மறந்துவிடுவதில்லை. பாதியளவேனும் அடையாளம் கண்டு எதிர்க்கிறது. இதுவே பருவகால ஃப்ளூ. தடுப்பூசியின் உள்ளடக்கத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இப்போது வேறொரு நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே மேசையில் இரண்டு வெவ்வேறு கிதாபுகள் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் எட்டுக் கட்டுகளாகத் தைக்கப்பட்டது. தைப்பவர் கைதவறி, ஒன்றிலிருந்து ஐந்து கட்டுகளையும் மற்றொன்றிலிருந்து மூன்று கட்டுகளையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார். வெளிவருவது எழுத்துப்பிழை கொண்ட பழைய கிதாபு அன்று. இதுவரை எவரும் படித்திராத புதிய கிதாபு. ஏ வகை இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபுப் பொருளும் எட்டுத் துண்டுகளாகவே அமைந்துள்ளது. ஓர் உயிரணுவில் இரண்டு வேறு வைரஸ்கள் ஒருசேரப் புகுந்தால், துண்டுகள் இடம் மாறிப் புதியதொன்று பிறக்கலாம். 1957இல் நிகழ்ந்தது இதுவே: மனிதரிடையே அதுவரை உலவிய வைரஸின் ஐந்து துண்டுகளும், பறவைகளின் வைரஸிலிருந்து மூன்று துண்டுகளும் இணைந்து எச்2என்2 உருவாயிற்று. நீர்ப்பறவைகளும் பன்றிகளும் மனிதர்களும் பல்வகை ஏ வைரஸ்களுக்கு இடமளிப்பதால் இக்கலப்பு நேர்கிறது. பி வகைக்கு இத்தகைய விலங்குச் சேமிப்பு இல்லை. எனவே அது பருவகாலக் காய்ச்சலை உண்டாக்குமே தவிர, பெருந்தொற்றை உண்டாக்கியதில்லை.

ஆகவே, பெருந்தொற்று ஃப்ளூ என்பது வலுமிக்க பருவகால ஃப்ளூ அன்று. அதன் இலக்கணம் புதுமை. மக்களில் பெரும்பாலோரின் உடலுக்கு முன்னறிமுகம் இல்லாத ஒன்று, மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தாவும் ஆற்றலும் பெற்றுவிட்டால், அது பருவம் பாராமல், வயது பாராமல், நாடு பாராமல் ஒரே வேளையில் பெருகுகிறது. கொடுமை மிக்கதாக இருப்பதும், மென்மையானதாக இருப்பதும் வேறு செய்தி. வரலாறு இரண்டையும் காட்டியிருக்கிறது.

1918: கொடிய முகம்

1918 ஜூனில் பம்பாயில் முதலில் காணப்பட்ட காய்ச்சல், முதல் அலையில் பெரும்பாலும் மென்மையாகவே கடந்தது. செப்டம்பரில் திரும்பி வந்த இரண்டாம் அலையோ பேரழிவாயிற்று. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களோடு கப்பல்களிலும், பின்னர் இரயில் பாதைகளின் வழியாகவும் நாடெங்கும் பரவி, அக்டோபரில் சென்னை மாகாணத்திலும் உச்சமடைந்தது. அவ்வாண்டு பருவமழை பொய்த்திருந்தது. தானிய விலை ஏறியிருந்தது. பசித்த உடல்களில் நோய் இறங்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்தனர் என்பதே ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. இன்றைய இந்திய எல்லைக்குள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911–1921 ஆகும்.

யார் இறந்தார்கள் என்பது இன்னும் துயரமானது. ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ முதியவர்களையும் பச்சிளங் குழந்தைகளையுமே பெரிதும் கொண்டுசெல்லும். 1918இல் இருபது முதல் நாற்பது வயது வரையிலான, குடும்பத்தைத் தாங்கி நின்றவர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். பம்பாய் நகரில் ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு எட்டுப் பேர் இறந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதியினரில் ஆயிரத்துக்கு அறுபது பேருக்கு மேல் இறந்தனர். முஸ்லிம்களில் ஏறத்தாழ பத்தொன்பது பேர். வைரஸ் ஒன்றே. வீட்டின் காற்றோட்டம், உணவு, நோயாளியைக் கவனிக்க ஆள் ஆகியவை ஒன்றாக இல்லை.

அன்று எந்த மருத்துவருக்கும் நோயின் காரணம் தெரியாது. மனிதரின் ஃப்ளூ வைரஸ் இலண்டனில் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது 1933ஆம் ஆண்டில்தான். இன்ஃப்ளூயன்சா என்னும் சொல்லே, நட்சத்திரங்களின் பாதிப்பால் இந்நோய் வருகிறது என்ற பழைய இத்தாலிய நம்பிக்கையிலிருந்து பிறந்தது என்பர். நட்சத்திரங்களுக்கு அத்தகைய ஆற்றல் இல்லை என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை அறிந்த நமக்கு, அச்சொல்லின் வரலாறே ஒரு பாடம்.

புதியது பழையதாகிறது

புதிதாக வந்த வைரஸ் வேலை முடிந்ததும் போய்விடுவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. உலகின் பெரும்பாலோரை அது ஒருமுறை தொட்டுவிட்டபின், உடல்கள் அதை அடையாளம் கண்டுகொள்கின்றன. அப்போது அது பருவகால ஃப்ளூவாக நம்மிடையே தங்கிவிடுகிறது.

1918இன் எச்1என்1, 1957 வரை பருவகால ஃப்ளூவாக உலவியது. ராஜுலாவில் வந்த எச்2என்2 அதன் இடத்தைப் பிடித்து, பதினோர் ஆண்டுகள் இருந்தது. 1968இல் ஹாங்காங்கில் எச்3என்2 தோன்றி அதை அகற்றியது. இந்தப் புதிய வைரஸின் இரண்டாவது மேற்புரதம் பழையதாகவே இருந்ததால், 1957ஐக் கண்டவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு கிட்டியது. அந்த எச்3என்2வின் வழித்தோன்றல்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. 2023 மார்ச்சில் நாட்டின் பல பகுதிகளில் அக்காய்ச்சல் பெருகியபோது, தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம்களை நடத்தியது பலருக்கு நினைவிருக்கும்.

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதிய எச்1என்1 தோன்றியது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என அறிவித்தது. 2010 ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்ததாக அறிவித்தது. சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் மாதிரிகள் சோதிக்கப்பட்டதும், முகக்கவசத்துக்காகக் கடைகளில் மக்கள் மொய்த்ததும் 2009 ஆகஸ்ட் மாதத்தில்தான். உலகெங்கும் அதன் முதலாண்டு மரணங்கள் 1.5 இலட்சம் முதல் 5.75 இலட்சம் வரை இருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. பருவகால ஃப்ளூ தொடர்பான சுவாசக் கோளாறுகளால் உலகில் ஆண்டுதோறும் 2.9 முதல் 6.5 இலட்சம் பேர் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெருந்தொற்று எப்போதும் பேரழிவு அன்று. "வெறும் ஃப்ளூ" எப்போதும் வெறும் ஃப்ளூவும் அன்று.

ஆயினும் 2009இல் மரணத்தின் முகம் மாறியிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள். கர்ப்பிணிகளும் இளைஞர்களும் அவர்களில் அடங்குவர். பல்லாண்டுகளுக்கு முன் பழைய எச்1என்1ஐச் சந்தித்திருந்த முதியோரின் உடல்கள் இதை ஓரளவு அடையாளம் கண்டுகொண்டன. இளையோருக்கு அந்த அறிமுகம் இல்லை. அந்த வைரஸும் பின்னர் பருவகால ஃப்ளூவாகி நம்மிடையே தங்கியது. அதனால் அதன் கடுமை தீர்ந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் 42,000க்கும் மேற்பட்டோருக்கு அது உறுதி செய்யப்பட்டு, மூவாயிரத்தை நெருங்கும் மரணங்கள் பதிவாயின.

2020இல் வந்த கொரோனா ஃப்ளூவே அன்று. வேறொரு வைரஸ் குடும்பம். ஆனால் புதுமையே பெருந்தொற்றின் இலக்கணம் என்னும் விதி அதற்கும் பொருந்திற்று. அதன் தொடக்கத்தில் "இதுவும் ஒரு ஃப்ளூதான்" என்று சொல்லப்பட்ட சொல், எத்தனை வீடுகளில் துயரமாக முடிந்தது என்பதை நாம் கண்டோம்.

முன்னோர்கள் வேறுபடுத்தி அறிந்தனர்

நோய்களிடையே வேறுபாடு காண்பது நம் மார்க்கக் கல்விக்கு அந்நியமானதன்று. காழீ இயாள் (ரஹ்) போன்ற அறிஞர்கள் தாஊன், வபா என்னும் இரு சொற்களையும் பிரித்துக் காட்டினர். பரவி வரும் எந்தப் பொது நோயும் வபா. குறிப்பிட்ட கட்டிகளோடு வரும் கொள்ளைநோயே தாஊன். எல்லாத் தாஊனும் வபா. எல்லா வபாவும் தாஊன் அன்று. ஸஹீஹுல் புகாரீக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள், கொள்ளைநோய்க்குத் தம் மூன்று பெண்மக்களைப் பறிகொடுத்தவர்கள். அதைப் பற்றித் தனி நூலே எழுதி, இப்பாகுபாட்டை விரிவாக ஆராய்ந்தார்கள்.

அந்நூலில் அவர்கள் பதிவு செய்த ஒரு நிகழ்வு சிந்திக்கத்தக்கது. ஹிஜ்ரீ 833இல் கெய்ரோவில் கொள்ளைநோய் பரவியபோது, மக்கள் மூன்று நாள் நோன்பு வைத்து, பாலைவெளியில் திரண்டு கூட்டாகப் பிரார்த்தித்துத் திரும்பினர். அதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்குக் கீழிருந்த மரணங்கள், ஒரு மாதத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டின. துஆ கூடாது என்பது இதன் பொருளன்று. துஆ ஒவ்வொருவரின் ஆயுதம். அதற்காக இவ்வாறு திரள்வதற்கு முன்சென்ற நல்லோரிடம் முன்மாதிரி இல்லை என்பதே அவ்வறிஞரின் கருத்து.

அதற்கும் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன், உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிப் புறப்பட்டு ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் குறைஷி முதியவர்களிடமும் தனித்தனியே ஆலோசித்துவிட்டு, திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து அறிவித்தது அதன் பிறகே. (புகாரீ, முஸ்லிம்)

"தொற்று என்பது இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று சிலர் கேட்கின்றனர். அல்லாஹ்வின் நாட்டமின்றி நோய் தன் சொந்த ஆற்றலால் தாவும் என்ற அறியாமைக்கால நம்பிக்கையையே அந்த ஹதீஸ் மறுக்கிறது என அறிஞர்கள் விளக்கியுள்ளனர். நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றோடு சேர்க்கக் கூடாது என்பதும் நபிமொழியே. காரணங்களைப் படைத்தவன் அல்லாஹ். அக்காரணங்களைக் கவனத்தில் கொள்வது தவக்குலுக்கு முரணன்று.

பெயரால் நேர்ந்த அநீதி

2009இன் நோய்க்குப் "பன்றிக் காய்ச்சல்" என்னும் பெயர் நிலைத்தது. அந்த வைரஸின் துண்டுகள் பன்றிகளிடையே உலவியவை என்பது உண்மை. ஆனால் மனிதர்களுக்கு அது மனிதர்களின் இருமல், தும்மல் வழியாகவே பரவியது. இறைச்சி உண்பதால் அன்று. "நாம் அதை உண்பதில்லையே, நமக்கு எப்படி வரும்?" என்று நம்மவர் சிலர் நிம்மதி கொண்டனர். நோய் கண்ட சில குடும்பங்கள் பெயருக்கு வெட்கி அதை மறைத்தன. ஹராமைத் தவிர்ப்பது இபாதத்; அது ஃப்ளூவுக்குத் தடுப்பூசி அன்று.

எகிப்தில் இன்னும் வருந்தத்தக்கது நடந்தது. அந்நாட்டில் ஒரு நோயாளிகூடக் கண்டறியப்படாத நிலையில், நாட்டிலிருந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பன்றிகளையும் கொல்ல அரசு உத்தரவிட்டது. நோய்த்தடுப்புக்கு அது பயன்படாது என்று பன்னாட்டு அமைப்புகள் கூறின. அவற்றை வளர்த்து, கெய்ரோவின் கழிவுகளை அள்ளி வாழ்ந்த ஏழைக் கிறிஸ்தவர்களின் பிழைப்பு அழிந்தது. தெருக்களில் குப்பை மலைந்தது. காய்ச்சலோ பின்னர் வந்தே சேர்ந்தது.

2020இல் ஒரு நோய்க்கு நம் சமுதாயத்தின் பெயர் பூசப்பட்டபோது பட்ட வலியை நாம் அறிவோம். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தின் வெளிநாட்டு விருந்தினர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதைச் சுட்டி வழக்குகளை ரத்து செய்தது. அந்த வலியை அறிந்த நாம், எந்நோய்க்கும் எச்சமுதாயத்தின் பெயரையும் சூட்டாதிருக்க வேண்டும். வைரஸுக்கு மதம் இல்லை.

நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும்

வேறுபாட்டை அறிவதன் பயன், அந்தந்த நிலைக்கு உரியதை அந்தந்த அளவில் செய்வதே.

*ஆண்டுதோறும் வரும் ஃப்ளூவுக்கு* ஊரை மூட வேண்டியதில்லை. நோயுற்றவர் ஒதுங்கினால் போதும். காய்ச்சல் தெரிவதற்கு ஒருநாள் முன்பிருந்து, நோயுற்ற பின் ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை அது பிறருக்குப் பரவக்கூடும். பச்சைப் பூண்டு உண்டவரே பள்ளிவாசலுக்கு வந்து பிறருக்குத் தொல்லை தர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்க, இருமலும் காய்ச்சலுமாக வரிசையில் நின்று பக்கத்து முதியவருக்கு நோயைத் தருவது எவ்வாறு தகும்? ஜமாஅத் தவறுகிறதே என்று வருந்துவோருக்கு ஆறுதலும் உண்டு: உடல்நலத்தோடு இருந்தபோது செய்துவந்த நற்செயலுக்கான கூலி, நோயாளிக்கும் எழுதப்படுகிறது என்பது புகாரீயில் உள்ள நபிமொழியின் கருத்து. தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொள்வதும் நபிவழியே.

முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆகியோரைப் பருவகால ஃப்ளூவும் கடுமையாகத் தாக்கும். மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்பது நன்று. உம்ரா, ஹஜ் புறப்படுவோருக்கு அது இன்னும் முக்கியம். ஃப்ளூவைக் குணப்படுத்தும் ஆற்றல் ஆன்டிபயாடிக்குக்கு இல்லை. எனவே மருந்துக்கடையில் தாமாக வாங்கி உண்ண வேண்டாம். ஓசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை மருத்துவர் தேவை கண்டு கொடுத்தால், முதல் இரண்டு நாள்களுக்குள் தொடங்குவதே சிறந்த பயன் தரும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமடைதல், குழப்பம், குழந்தை பால் குடிக்க மறுத்தல், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் கஷாயத்தோடு காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

*புதிய வைரஸ் ஒன்று வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டால்* நிலை வேறு. அப்போது நோயாளி மட்டுமன்றி, நலமாகத் தோன்றுபவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏனெனில் பெரும்பாலோரின் உடலுக்கு முன்னறிமுகம் இல்லை. அதற்குரிய தடுப்பூசி ஆயத்தமாக மாதங்கள் ஆகும். 1957இல் அமெரிக்காவில் ஏப்ரலிலேயே ஒரு விஞ்ஞானி ஹாங்காங் செய்தியைக் கண்டு விழித்துக்கொண்டும், தடுப்பூசி மக்களிடம் வரத் தொடங்கியது அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில்தான். அந்த இடைவெளியை நிரப்புவது விலகியிருத்தலும் காற்றோட்டமும் ஒழுக்கமும் மட்டுமே. முதல் அலை மென்மையாக இருந்தது என்று தளர்ந்துவிடக் கூடாது என்பது 1918இன் பாடம். 2009 ஹஜ்ஜின்போது முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் பயணத்தைத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தப்பட்டதும் இந்த அடிப்படையிலேயே.

புதியதா, பழையதா என்பதை நாமாக முடிவு செய்ய முடியாது. ஆய்வகங்களின் முடிவை வைத்துச் சுகாதாரத் துறை அறிவிக்கும். அதுவரை வரும் செய்திகளை, ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை ஆராய்வதைப் போல ஆராய வேண்டும்: சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்? தீயவன் கொணரும் செய்தியைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டுள்ளான். அறிவிப்பாளர் வரிசை இல்லாத வாட்ஸ்அப் குரல் பதிவை நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, பின் தவறென்று தெரிந்தால் அந்த நூறு வீடுகளின் அச்சத்தை யார் திரும்ப எடுப்பார்?

ராஜுலா வந்தபோது முகப்பேர் வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூர். இன்று நம் தெருக்களில் துபாயிலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேற்று இறங்கியவர்கள் உள்ளனர். அன்று பல நாள்கள் கடலில் வந்த நோய், இன்று நான்கு மணி நேரத்தில் மீனம்பாக்கம் வந்துவிடும். இன்னொரு புதிய ஃப்ளூ என்றேனும் வரக்கூடும் என்பதில் அறிவியலாளர்களுக்கு ஐயமில்லை. எப்போது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அது வரும் நாளில் நம் பிள்ளைகள் அஞ்சி நடுங்கவும் வேண்டாம், அலட்சியமாகச் சிரிக்கவும் வேண்டாம். இது பழையதா, புதியதா என்று கேட்கத் தெரிந்தவர்களாகவும், நோயால் பிறருக்குத் தீங்கிழைக்காதவர்களாகவும் அவர்களை வளர்ப்பது நம் பொறுப்பு.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் எல்லா மக்களையும் கொடிய நோய்களிலிருந்து பாதுகாப்பானாக! நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவையும், நோயால் இறந்தோருக்கு மறுமையில் உயர்ந்த பதவியையும், நமக்குப் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன்.